மௌன நடையில் உதிர்ந்தவை

1

இந்தக் கதையைக் கேள்விப்பட்டதாகத்தான் முதலில் எழுதினேன். பொய். நான் அங்கே இருந்தேன். எந்த இடத்தில் நின்றேன் என்பதைச் சற்றுப் பொறுத்துச் சொல்கிறேன். அதற்குள் நீங்கள் என்னைப் பற்றி நல்லபடியாக நினைத்துவிட்டால் எனக்கு வசதி.

எங்கள் தேவாலயத்தில் ஒரு நடைக் குழு உண்டு. மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பதினான்கு பேர், பஸ் போகாத வயல்வெளிப் பாதை, பகல் முழுக்க நடை. முன்னால் போகிறவர் பாதிரியார். அவர் வைத்த வழக்கம் ஒன்று உண்டு. வயல் வேலியின் முதல் மரக்கதவிலிருந்து கல் பாலம் வரை யாரும் பேசக் கூடாது. மௌன நடை என்று பெயர். தொப்பியில் சீட்டுக் குலுக்கி ஜோடி சேர்ப்பார். ஜோடியில் ஒருவர் முன்னே, ஒருவர் பின்னே. முன்னால் போகிறவருக்காக வேண்டிக்கொள்வது பின்னால் வருகிறவரின் கடமை. பாலத்தில் மணி அடித்த பிறகு வாயைத் திறக்கலாம்.

மணியை வைத்திருப்பவர் மணிக்காரர். அவரைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. நல்ல மனிதர். பார்க்கவும் லட்சணமாக இருப்பார்.

2

ஆரம்பம், முதல் முயற்சி:

'மாலைக் கதிரின் பொன்னொளி வயல்வெளியைத் தழுவ—'

[வேண்டாம். அது காலை. தூறல் வேறு. எல்லோர் மூக்கும் ஒழுகிக்கொண்டிருந்தது.]

இரண்டாவது:

'மருந்துக்கடை அக்கா சீட்டைப் பிரித்தாள். பிரித்த வேகத்தில் மடித்தாள்.'

இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

சீட்டில் இருந்தது அவளுடைய தம்பி மனைவியின் பெயர். தபால் நிலையக் கவுண்ட்டரில் வேலை என்பதால் குழுவில் அவளைத் தபாலாபீஸ் என்பார்கள். இருவரும் பேச்சை நிறுத்திப் பதினோரு மாதம் ஆகிறது. ஆராதனையில் நடுவில் தம்பியை உட்கார வைத்து இரண்டு பக்கமும் உட்காருவார்கள்.

"உங்க அக்காகிட்ட இந்தப் பாட்டுப் புத்தகத்தைக் குடுங்க."

"வாங்கிட்டேன்னு சொல்லுடா."

மூவருக்கும் நடுவே ஒரு முழ இடைவெளிகூட இருக்காது. தம்பிக்குக் கழுத்து வலியே வந்துவிட்டது.

காரணம் இதுதான். அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அறுவை சிகிச்சை முடிந்து நாலு நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சபையே வந்து பார்த்துவிட்டுப் போனது. தம்பி மனைவி மட்டும் வரவில்லை. அதுவும் வலி வந்த அன்று அக்கா முதலில் போன் செய்தது இவளுக்குத்தான்.

"செத்துப் பொழைச்சு வந்திருக்கேன். எட்டிப் பார்க்க மனசு வரலியே அவளுக்கு" என்று தம்பியிடம் ஒரே ஒரு தடவை சொன்னாள். இதை அவளிடம் சொல்லக் கூடாது என்று சத்தியமும் வாங்கிக்கொண்டாள்.*

* தம்பி மனைவியும் தம்பியிடம் வேறொன்றைச் சொல்லி ஒரு சத்தியம் வாங்கியிருந்தாள். நாலாம் பகுதியில் வரும். சத்தியம் பேசுவதற்கு மட்டும்தான், எழுதுவதற்குச் செல்லாது என்று எடுத்துக்கொள்கிறேன்.

3

மற்ற ஆறு ஜோடிகளும் பேசாமலிருக்க ரொம்பப் பாடுபட்டன. இந்த ஜோடிக்குப் பதினோரு மாதப் பயிற்சி. தபாலாபீஸ் முன்னே, அக்கா பின்னே, பத்தடி இடைவெளி விட்டு, ஜம்மென்று நடந்தார்கள்.

பாலத்துக்குக் கொஞ்சம் முன்னால், தபாலாபீஸின் முதுகுப் பையிலிருந்து ஒரு சீப்பு விழுந்தது. ஜிப் பாதி திறந்திருந்தது. அக்கா நின்றாள். கூப்பிட்டால் முதலில் பேசியது நான் என்றாகிவிடும் என்று யோசித்தாள். குனிந்து எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டாள்.

பாலம் வந்தது. மணி அடிக்கவில்லை.

பாதிரியார் தியானத்தில் இருந்தார். இடப்பக்கம் திரும்ப வேண்டியவர், டிராக்டர் தடத்திலேயே நேராகப் போனார். குழுவிலிருந்த எலக்ட்ரீசியன் பாதை வரைபடத்தைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார். பாதிரியார் திரும்பிப் பார்த்து, நெகிழ்ந்து, தானும் கையசைத்துவிட்டு நடந்தார். வழி தவறியது பாக்கிப் பதின்மூன்று பேருக்கும் தெரியும். மணி அடிக்காமல் எப்படிப் பேசுவது?

[நம்ப மாட்டீர்கள். இத்தனை பக்திமான்களுக்கு நடுவில் முதலில் வாயைத் திறந்த ஆள் என்று பெயரெடுக்க நீங்கள் சம்மதிப்பீர்களா?]

அடுத்து மூக்குக்கண்ணாடிக் கூடு விழுந்தது. பிறகு ஒற்றைக் கையுறை. அக்கா குனிந்து குனிந்து பொறுக்கினாள். ஆண்டவரே, இவளுக்கு ஜிப் போடுகிற புத்தியைக் கொடும் என்று வேண்டிக்கொண்டாள். கடமையில் குறை வைக்கவில்லை.

நாலாவதாக விழுந்தது ஒரு நீல பிளாஸ்க். ஈரப் புல் என்பதால் சத்தமே இல்லை.

4

பிளாஸ்க்கின் பக்கவாட்டில் ஒரு லேபிள். லேபிள் படிப்பது அக்காவுக்கு இருபத்தாறு வருஷப் பிழைப்பு. பாதி அழிந்திருந்தாலும் படித்துவிட்டாள்.

அவளுடைய பெயர். பெண்கள் வார்டு, படுக்கை ஒன்பது. கீழே தேதி. வெளிச் சாப்பாட்டுக்கு ஆஸ்பத்திரி வாசலில் ஒட்டி அனுப்புகிற லேபிள் அது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் தேதி.

வந்திருக்கிறாள்.

அப்படியானால் ஏன்— என்று யோசிக்கும்போதே அந்த மதியம் ஞாபகம் வந்தது. கட்டிலைச் சுற்றித் திரை. பக்கத்துப் படுக்கை அம்மாவிடம் இவள் சொன்னது: "என் தம்பி பொண்டாட்டி வந்தான்னா வாய் மூடாது. இன்னிக்கு ஒரு நாள் அவ வராம இருந்தாப் புண்ணியம்." விளையாட்டுக்குத்தான் சொன்னாள். சிரித்ததில் தையல்கூட வலித்தது.

திரைக்கு அந்தப் பக்கம் சூப்போடு ஒருத்தி நின்றிருந்தாள். அப்படியே திரும்பிப் போய், பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே மொத்த சூப்பையும் தானே குடித்தாள். வாய் மூடாதவள் அன்றைக்கு மூடினாள்.

ஈரத்தில் நின்ற அக்காவுக்கு இதில் பாதி தெரியாது. தெரிந்த பாதியே அவளுக்குப் போதுமாக இருந்தது.

5

இப்படிச் சரியான நேரத்தில் ஒரு பிளாஸ்க் விழுமா என்று கேட்பீர்கள். நியாயம்.

தம்பி நான்தான். மணிக்காரரும் நான்தான். [லட்சணம் பற்றி எழுதியதை அடித்துவிட மனம் வரவில்லை.]

பதினோரு மாதமாக என் மனைவி அந்த லேபிளை உரிக்கவும் இல்லை, பிளாஸ்க்கைப் பயன்படுத்தவும் இல்லை. அலமாரியின் பின்வரிசையில் கிடந்தது. காலையில் அதில் டீ ஊற்றிப் பையில் வைத்தது நான். சாப்பாட்டு நேரத்தில் வெளியே எடுப்பாள், அக்கா கண்ணில் படும், அவ்வளவுதான் என் திட்டம். ஜிப் ஆறு மாதமாகவே பழுது. சீட்டையும் நான் குலுக்கவில்லை. ஆண்டவருக்கும் கொஞ்சம் வேலை விட்டுவைக்க வேண்டாமா?

மணி மட்டும் என் குற்றம். அது கிணுகிணுக்காமலிருக்க நாக்கில் ஒரு சாக்ஸைச் சுற்றி வைப்பேன். பாலத்தில் அதைக் கழற்றப்போகும்போது திரும்பிப் பார்த்தேன். அக்கா சீப்புக்காகக் குனிந்துகொண்டிருந்தாள். இவளுடைய பொருளை அவள் தொட்டுப் பதினோரு மாதம் ஆகிறது. மணியைத் திரும்பப் பையிலேயே போட்டுக்கொண்டேன். பாதிரியாரிடம் பிற்பாடு, மறந்துவிட்டேன் என்று சொன்னேன்.

6

முடிவு அ: 'அக்கா ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டு விம்மி—'

[என் அக்காவை உங்களுக்குத் தெரியாது. அப்பா இறந்த அன்றே வந்தவர்களுக்கு நாற்காலி எண்ணிப் போட்டவள்.]

முடிவு ஆ: '"ஏம்மா, ஜிப்பைப் போடு" என்றாள்.'

[அவள் பேச்சு மாதிரிதான் இருக்கிறது. பதினோரு மாதம் கழித்து முதல் பேச்சு இதுவா? இருக்கலாம்.]

நான் பார்த்தது: அக்கா எட்டி நடந்து அவள் தோளைத் தொட்டாள். லேபிள் தெரிய பிளாஸ்க்கை நீட்டினாள். உதடு அசைந்தது, ஒரு சொல்லோ இரண்டோ. நான் முப்பதடி முன்னால் இருந்தேன், காற்று எதிர்ப்பக்கம் அடித்தது. என் மனைவி பிளாஸ்க்கைப் பார்த்தாள், அக்காவைப் பார்த்தாள். பிறகு அவள் உதடு அசைந்தது. ரொம்ப நேரம் அசைந்தது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தூறல் என்றும் வைத்துக்கொள்ளலாம். ஒரே மூடியில் மாற்றி மாற்றி டீ குடித்தார்கள். நான் அழுதேன், அது தூறல் இல்லை.

கடைசியில் மௌனத்தை முறித்தது பாதிரியார்தான். ஒரு மாட்டுத் தொழுவத்தின் முன்னால் நின்று, "இது எந்த இடம்?" என்றார்.

7

வீட்டுக்கு வந்ததும் மனைவியிடம் கேட்டேன், அக்கா முதலில் என்ன சொன்னாள் என்று. சாக்ஸைக் காயப்போட்டபடியே சொன்னாள்:

"மௌன நடையில யாராவது பேசுவாங்களா?"

திங்கட்கிழமை மருந்துக்கடைக்குப் போனேன். அக்கா மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை.

"மௌன நடையில யாராவது பேசுவாங்களா?"

சொல் பிசகாமல் அதே பதில். இரண்டு பேரும் பேசி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். எனக்குத் தெரியாமல்.

அதனால் என்னிடம் அந்த வரி இல்லை. இடம் மட்டும் விட்டிருக்கிறேன்:

"[                              ]" என்றாள் அக்கா.

உங்களுக்கும் பேசாமல் விட்ட ஆள் ஒருவர் இருப்பார். அவரிடம் முதலில் என்ன சொல்வீர்களோ அதை எழுதிக்கொள்ளுங்கள். மணிக்காகக் காத்திருக்க வேண்டாம். அது என் மேசை இழுப்பறையில் சாக்ஸோடு கிடக்கிறது.