இரண்டாம் குரல்

எங்கள் கத்தலோனியாவில் மனிதக் கோபுரம் எழுப்புகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் கோபுரத்தைப் பார்ப்பதே இல்லை. ஒருவர் முதுகில் ஒருவர் நெஞ்சு அழுந்த, தலையைக் குனிந்து அடியில் நெருக்கிக்கொண்டு நிற்பார்கள். மேலே நடப்பதை அவர்களுக்குச் சொல்வது கிரல்லாதான். மூன்றாம் தட்டு நிலைத்ததும் அந்தச் சீவாளிக் குழல் வீறிடும். பிடியை இறுக்கு என்று அர்த்தம். வீறிடாவிட்டால் இறக்கப் போகிறார்கள் என்று பிடி தளரும். கிரல்லா ஊதாத கோபுரம் கணக்கிலும் சேராது.

எண்பத்தொன்றாம் வருஷம், மாதா திருவிழா, உச்சி வெயில். மூன்றாம் தட்டில் முதல்முறையாக ஒரு பெண்: ரொட்டிக்கடை நேவுஸ். பாதிப் பேர் முகத்தைச் சுளித்தார்கள். ஆனால் அவள் தோளுக்கு ஈடு ஊரில் கிடையாது. கோபுரத் தலைவர் அவளைத்தான் ஏற்றினார்.

முதல் கிரல்லா, ராகத்தை எடுத்து ஊதுகிறவர், பல்தொமேர். அவருக்குப் பின்னால் நின்று துணையாக இரண்டாம் குரல் ஊதுகிறவள் ரெமேய், மீன் சந்தைக்காரி, நேவுஸின் சிநேகிதி.

நேவுஸ் ஏறி நின்றாள். தலைவர் கையை உயர்த்தினார். பல்தொமேர் குழலை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டார்.

"என்னண்ணே, ஊதுங்க!" என்றாள் ரெமேய்.

"பாவாடைக்கெல்லாம் நான் ஊதறதில்ல. இறங்கட்டும்."

"அவ கால்சட்டைதான் போட்டிருக்கா. கண்ணு அவிஞ்சுபோச்சா?"

"வாய மூடு புள்ள. முதல் குரல் இல்லாம உன்னுது என்ன? வெறும் கொசுச் சத்தம்."

நாலாம் தட்டும் ஏறிவிட்டது. அடியில் யாரோ, "இறக்கறாங்களாடா?" என்றான். ஒரு கை தளர்ந்தது, இன்னொன்று தளர்ந்தது. நேவுஸின் காலடியில் கோபுரம் ஆடியது. ரெமேய்க்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் இந்த ஆளின் முதுகைப் பார்த்து ஊதியிருக்கிறாள்!

ஊதினாள். விரலுக்குப் பழகியது இரண்டாம் குரல்தான், அதுவே வந்தது. ஊரில் யாரும் தனியாகக் கேட்டறியாத பாதி ராகம். பல்தொமேர் அவள் கையைப் பிடித்து இழுத்தார். முழங்கையால் ஓர் இடி இடித்தாள். ஒரு சுரம்கூட விடவில்லை.

அடிக்கூட்டம் ஒரு நொடி விழித்தது. பிறகு ஒரு குரல் அலறியது: "நம்ம ராகந்தான்டா! இறுக்கு!"

உச்சிவரை ஏறிய குழந்தை, கோபுரம் முடிந்ததற்கு அடையாளமாகக் கையை உயர்த்தியது. ஒவ்வொரு தட்டாகக் கோபுரம் இறங்கியது. நேவுஸின் கால் தரையைத் தொடும்வரை ரெமேய் ஊதினாள். உதடு வெடித்து ரத்தம் கசிந்தது.

"செல்லாது! பாதி ராகத்துக்கு முழுக் கோபுரமா?" என்று பல்தொமேர் கூச்சல் போட்டார்.

வியர்வையில் ஊறிய ஆட்கள் அடியிலிருந்து வெளியே வந்துகொண்டிருந்தார்கள். நேவுஸை ஏற்றக்கூடாதென்று காலையில் மல்லுக்கு நின்ற கொல்லர் ஒருவர் திரும்பினார்.

"செல்லுமா செல்லாதான்னு கீழ இருந்த எங்களக் கேளுய்யா. எங்க காதுக்கு வந்தது ஒரே ஒரு கிரல்லாதான்."

ரெமேய் உதட்டைத் துடைத்துக்கொண்டு பல்தொமேருக்கு முன்னால் போய் நின்றாள்.

"அண்ணே, அடுத்த கோபுரத்துலயும் நேவுஸ்தான் மூணாவது தட்டு. ஊதறதுன்னா என் பின்னால வந்து நில்லுங்க. இரண்டாம் குரல் காலியா இருக்கு."