நகர்ந்த நடுச்சுவர்

திரையில் இரண்டு சுவர்களைத் தொட்டு, நடுவில் எவ்வளவு தூரம் என்று மறுபடியும் கேட்டாள். கம்ப்யூட்டர் மறுபடியும் அதே எண்ணைத்தான் சொன்னது. கேட்கக் கேட்க மனம் இளகி வேறு எண் சொல்வதற்கு அது என்ன மனுஷனா? பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் நாத்தனார் உட்கார்ந்திருந்தார். கட்டடத்திலிருந்து நேராக வந்தவர். செருப்பிலும் புடவை ஓரத்திலும் சிமெண்டுத் தூள் அப்பியிருந்தது. கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, திரையைப் பார்க்காமல் இவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொல்லுது?"

"இருங்க அண்ணி, பாத்துட்டிருக்கேன்."

"நிதானமாவே பாரு. அந்தக் கொத்தனாரை இன்னைக்கு நான் விடறதா இல்ல."

விஷயம் இதுதான். புதுக் கட்டடத்தின் மேல்மாடியில் இரண்டே வீடு. ஒன்று இவளுக்கும் இவள் கணவனுக்கும். மற்றது கணவனின் அக்காவுக்கு. கண்ணாடியில் தெரிவது போல ஒன்றுக்கொன்று அச்சு, நடுவில் பொதுவாக ஒரு சுவர். கட்டுவது இவள் வேலை பார்க்கும் இன்ஜினியர் ஆபீஸ்தான், படம் வரைந்ததும் இவள்தான். நாத்தனார் டியூஷன் எடுப்பவர். பெற்றவர்கள் போன பிறகு தம்பியைப் படிக்க வைத்து ஆளாக்கியது அந்த டியூஷன்தான். இத்தனை வருஷமும் வாடகை வீடுகளில், மாடிப்படியிலும் வராந்தாவிலும் பிள்ளைகளை உட்கார வைத்து, வீட்டுக்காரர்கள் முகம் சுளிக்கும்போதெல்லாம் குரலைத் தாழ்த்திச் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்போதுதான் சொந்தமாக ஒரு அறை வரப்போகிறது. இரண்டு வரிசை பெஞ்சு, நடுவில் நடந்து போய் ஒவ்வொரு பிள்ளையின் நோட்டையும் எட்டிப் பார்க்க ஒரு வழி. பெஞ்சு செய்யவும் கொடுத்தாகிவிட்டது.

இன்று காலை நாத்தனார் பழைய பேப்பரைப் பெஞ்சு அளவுக்கு ஒட்டி எடுத்துக்கொண்டு கட்டடத்துக்குப் போயிருக்கிறார். நடுச்சுவர் அப்போதுதான் இடுப்பளவு எழும்பியிருந்தது. பேப்பரைத் தரையில் விரித்துப் பார்த்தால் இரண்டு வரிசை போட்டால் வழியில்லை, வழி விட்டால் ஒரு வரிசைதான். ஒரு சாண் குறைகிறது. கொத்தனாரைப் பிடித்து நாலு வார்த்தை சத்தமாகவே கேட்டிருக்கிறார். அவரோ, "படத்துல இருக்கறபடிதாம்மா கட்டுனேன்" என்று கையை விரித்துவிட்டார். அந்தப் படத்தைக் காட்டி அவர் வாயை அடைக்கத்தான் நாத்தனார் இங்கே வந்திருக்கிறார்.

படம் கொத்தனார் பக்கம் பேசியது. சுவர் நடுவில் இல்லை. ஒரு சாண் நாத்தனார் வீட்டுக்குள் தள்ளி நின்றது. இவள் வீடு அந்த ஒரு சாண் பெரிதாக இருந்தது.

ஒரு வீட்டை வரைந்து, நடுக்கோட்டில் வைத்து அப்படியே மறுபக்கம் திருப்பிப் போட்டவள் அவள். கண்ணை மூடிக்கொண்டு செய்தாலும் சமமாக வந்து விழும் வேலை அது. பிறகு எப்படி? சுவருக்குக் கால் முளைத்ததா?

ஆபீசில் அவளை 'லெஃப்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். மௌஸை இடதுகையால் பிடிப்பவள். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு முதல் நாள் அவள்தான் பாடம் எடுப்பாள். "மௌஸால கோடுகளைச் சுத்திப் பெட்டி போட்டுப் பிடிக்கும்போது பாத்துப் பிடிங்க. இடதுலருந்து வலது பக்கம் இழுத்தா, பெட்டிக்குள்ள முழுசா இருக்கறது மட்டும்தான் மாட்டும். வலதுலருந்து இடது பக்கம் இழுத்தா, ஓரம் பட்டது எல்லாமே கூட வந்துடும்." அவளுடைய கைக்கு வலதிலிருந்து இழுப்பதுதான் வாகு. அப்படி ஏதோ ஒன்றைப் பிடித்து நகர்த்தும்போது சுவரும் தொற்றிக்கொண்டு வந்திருக்க வேண்டும். சரி, அப்படியென்றால் அளவு எண் காட்டிக்கொடுத்திருக்காதா? காட்டியிருக்கும். எண்ணைக் கையால் தட்டாதீர்கள், கோட்டோடு கட்டி வையுங்கள், கோடு நகர்ந்தால் எண்ணும் கூடவே மாறிக்கொள்ளும் என்பதும் அவள் சொல்லிக்கொடுக்கும் பாடம்தான். எண் ஒழுங்காக மாறிக்கொண்டது. அச்சடித்த தாளிலும் சரியாக ஏறிவிட்டது. பார்க்க வேண்டியவள் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

எதை நகர்த்தினோம்? யோசிக்க யோசிக்க அது மெல்ல நினைவுக்கு வந்தது. வேலை குறைவாக இருந்த ஒரு மத்தியானம், சும்மா விளையாட்டாக, தன் வீட்டு அறை மூலையில் ஒரு சின்ன மேசை வரைந்தாள். பிறந்த வீட்டில் நாலு பேருக்கு ஒரு மேசை, புகுந்த இடத்தில் சாப்பாட்டு மேசையின் ஓரம். தனக்கென்று ஒன்று இருந்ததில்லை. நடுச்சுவரோரம் இருந்த அலமாரி இடித்தது. அலமாரியைப் பிடித்துத் தள்ளினாள். மேசை கச்சிதமாக உட்கார்ந்துகொண்டது. அடடா, இடம் இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டது நன்றாக நினைவிருக்கிறது. இடம் எங்கிருந்து வந்தது என்று கேட்டுக்கொண்டது மட்டும் நினைவில் இல்லை.

அதோடு முடிந்திருந்தால் கை தவறிவிட்டது என்று மனதைத் தேற்றிக்கொள்ளலாம். ஆனால் பூட்டு என்று ஒன்று இருக்கிறதே! கண்ணாடித் தாள்களை அடுக்கியது போல, சுவருக்கு ஒரு லேயர், கதவுக்கு ஒன்று, சாமான்களுக்கு ஒன்று என்று தனித்தனியாகத்தான் வரைவார்கள். சுவர் முடிந்ததும் அந்த லேயரைப் பூட்டிவிடுவாள். பூட்டிவிட்டால் எந்தப் பக்கத்திலிருந்து பெட்டி இழுத்தாலும் சுவர் அசையாது. பல வருஷமாக அவள் பூட்டாமல் விட்டதே இல்லை. இப்போது பார்த்தாள். பூட்டு திறந்திருந்தது. பூட்ட மறந்து விட்டதா? பூட்டியதைத் திறந்து விட்டதா? திறந்தவள் அவள்தான் என்றால், அந்தக் கணத்தில் என்ன நினைத்துத் திறந்தாள்? மண்டையைக் குடைந்து பார்த்தும் ஒன்றும் கிடைக்கவில்லை. அவளுக்குப் பயமாக இருந்தது. செய்த தப்பைவிட, செய்தது கையா மனசா என்று தனக்கே தெரியாததுதான் பெரிய பயமாக இருந்தது.

சமமாக வைத்தால் எப்படி இருக்கும் என்று பார்க்க, சுவரைப் பிடித்து நடுவுக்குத் தள்ளினாள். இரண்டு பக்கமும் எண்கள் மாறி ஒரே அளவாக நின்றன.

"ஆங், பாரு பாரு!" நாத்தனார் நாற்காலியிலிருந்து எழுந்தேவிட்டார். "ரெண்டும் ஒண்ணா இருக்குல்ல? நான் சொன்னேன்ல? படத்துல சரியாத்தான் இருக்கு. அந்த ஆளு கட்டுனதுதான் கோணல்."

"அண்ணி, அது இல்ல…"

அதற்குள் போன் காதுக்குப் போய்விட்டது. "கொத்தனாரே, படத்தை நான் என் கண்ணால பாத்துட்டேன். அந்தச் சுவத்தைப் பிரிங்க. ஆமா, இப்பவே. ஈரம் காயறதுக்குள்ள." போனைக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். "இன்ஜினியர் உள்ளதானே இருக்காரு? ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன். நாளைக்கு வேற ஆளைப் போடட்டும்."

கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் யாரிடமோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தார். நாத்தனார் அந்தக் கதவை நோக்கி நடந்தார். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். படம் இப்போது நாத்தனார் பக்கம் பேசுகிறது. கொத்தனார் பழைய தாளை வைத்துக் கட்டிவிட்டார் என்று சொல்லிவிடலாம். பெஞ்சும் வந்துவிடும், உறவும் கெடாது. ஒரு மனுஷன் வேலை மட்டும் போகும்.

"அண்ணி, நில்லுங்க. இப்ப நான்தான் நகத்தினேன்."

நாத்தனார் திரும்பினார். "எதை?"

"சுவத்தை. நீங்க பாத்துட்டிருக்கும்போதே நடுவுக்குத் தள்ளினேன். அதுக்கு முன்னாடி கொத்தனார் சொன்ன மாதிரிதான் இருந்துச்சு. முன்னாடி ஒருநாள் நான்தான் உங்க பக்கம் தள்ளியிருக்கேன் போல."

"போலன்னா?"

"தெரியல அண்ணி."

"செஞ்சியா, செய்யலியா? ரெண்டுல ஒண்ணு சொல்லு."

"செஞ்சிருக்கேன். தெரிஞ்சு செஞ்சேனான்னுதான் தெரியல."

நாத்தனார் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தார். கோபப்பட்டிருந்தால் தேவலை. கணக்கில் தடுமாறும் பிள்ளையை எந்த வரியில் வழுக்கியது என்று பார்ப்பது போல அவளைப் பார்த்தார். பிறகு முதல்முறையாகத் திரையை உற்றுப் பார்த்தார். நிறைய கோடுகள் அவருக்குப் புரிந்திருக்காது. விரலை நீட்டி, "உன் பக்கம், மூலைல, சின்னதா இது என்ன?" என்றார்.

"மேசை."

"யாருக்கு?"

"எனக்குத்தான்."

நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டினார். "சரி, வா. அந்த ஆளு பிரிச்சு முடிக்கறதுக்குள்ள போவோம்" என்று கிளம்பினார்.

கட்டடம் பின்தெருவில்தான். வழி முழுக்க நாத்தனார் முன்னால் நடந்தார், அவள் பின்னால். அண்ணி, நான் திருடி இல்லை என்று சொல்ல வாய் வரை வந்தது. அப்படிச் சொல்ல வேண்டுமானால் முதலில் அவளுக்கே அது நிச்சயமாகத் தெரிந்திருக்க வேண்டுமே! தம்பியிடம் இதை எப்படிச் சொல்வார், என்ன வார்த்தையில் சொல்வார் என்று முன்னால் போகும் முதுகைப் பார்த்து ஊகிக்கப் பார்த்தாள். முதுகிலிருந்து ஒன்றும் தெரிந்துகொள்ள முடியவில்லை.

கொத்தனார் கைகாரர். அவர்கள் மாடியேறிப் போவதற்குள் சுவரையே காணோம். செங்கல்களைச் சாந்து சுரண்டி ஓரமாக அடுக்கியிருந்தார். தரையில் ஈரமான ஒரு பட்டை மட்டும் மிச்சம். இரண்டு வீடும் ஒரே கூடமாகக் கிடந்தன. ஒரு வீட்டு ஜன்னல் வெளிச்சம் மறு வீட்டுக் கடைசி மூலை வரைக்கும் போய் விழுந்திருந்தது.

"உங்க மேல தப்பில்லீங்க. காலைல பேசினதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார் நாத்தனார்.

"அப்ப யாரு மேலம்மா?"

கொத்தனார் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு என்பது போல, சுவருக்குக் கோடு பிடிக்கும் நூலைப் பிரித்தார். "சரி, திருப்பி எங்க எழுப்பணும்? ஒருத்தர் அந்த முனையைப் பிடிங்க. நீங்க எங்க வைக்கறீங்களோ, அதுக்கு நேரா நான் இந்தப் பக்கம் வந்துடறேன்."

அவள் கையை நீட்டினாள். அதற்குள் நாத்தனார் முனையை வாங்கிக்கொண்டார். புடவையைச் சொருகிக்கொண்டு அந்தக் கோடியில் குந்தினார். நூல் விறைத்து நின்றது. முதலில் ஈரப் பட்டைக்கு மேலேயே வந்தது. அங்கிருந்து மெல்ல அவள் நின்ற பக்கமாக நகர்ந்தது. நடு என்று அவள் கண்ணால் குறித்து வைத்திருந்த இடத்தையும் தாண்டி, அவள் கால்விரல் வரைக்கும் வந்தது. அவள் ஓர் எட்டு பின்னால் வைத்தாள். நூல் நின்றது.

"உன் மேசை எவ்வளவு நீளம்?" நாத்தனார் தலை நிமிராமல் கேட்டார்.

அக்கறையா, குத்தலா, ஒன்றும் பிடிபடவில்லை. எல்லா அளவும் மனப்பாடமாகத் தெரிந்தவளுக்கு அந்த ஓர் அளவு அப்போது நாக்கில் வரவில்லை.

"இங்கயே வச்சிடலாமாம்மா?" என்றார் கொத்தனார், மறு கோடியிலிருந்து.

நாத்தனார் முனையைத் தரையில் அழுத்தவில்லை. விரல்களுக்கு நடுவே தூக்கிப் பிடித்தபடியே இருந்தார். வெறுந்தரைக்கு மேலே, இரண்டு வீட்டுக்கும் இடையில், நூல் அதிர்ந்துகொண்டே இருந்தது.