பேச்சுக்காரி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது என்று சத்தியம் செய்துவிட்டுத்தான் பெரியவர் ஆரம்பித்தார். சத்தியம் செய்ய வேறெதுவும் கைக்கு எட்டாததால், மடியில் வைத்து ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்த செருப்பின் மேலேயே ஓங்கி அடித்தார். செத்துப்போன மனைவியின் வேலைச் செருப்பு. வெள்ளை ரப்பர். இடது குதிகால் மட்டும் தேய்ந்து தகடாகியிருந்தது. அவள் வேலை பார்த்த முதியோர் இல்லத்தில் அவளுடைய அலமாரியில் கிடந்ததைப் போன வாரம்தான் போய் வாங்கிவந்திருந்தார்.

"செருப்பு மேலயா சத்தியம் பண்ணுவாங்க?" என்றாள் மகள்.

"சாமி மேல பண்ணினா அது வந்து விசாரிக்கவா போகுது. இது உங்கம்மாவைச் சுமந்த சாமான். பொய் சொன்னா கடிச்சிரும்."

மகள் சிரிக்கவில்லை. அந்த விஷயத்தில் அவள் அம்மாவை உரித்துவைத்திருந்தாள். மடியில் கைக்குழந்தை சத்தமே எழுப்பாமல் கொட்டக் கொட்ட விழித்துக்கொண்டு கிடந்தது. காது நன்றாக இருக்கிறது, வீட்டில் யாரும் வாயைத் திறப்பதில்லையா, பிள்ளையிடம் நிறையப் பேசுங்கள் என்று டாக்டர் திட்டி அனுப்பியிருந்தார். அன்றிலிருந்து அவள் குழந்தையின் முகத்துக்கு நேரே உட்கார்ந்து, கரையில் போட்ட மீன்போல வாயைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தாள்.

"என்ன பேசறதுன்னே தெரியலப்பா. காதுல விழுந்திருந்தாத்தானே வாயில வரும்? அம்மா எங்கிட்ட என்ன பேசினா? சாப்டியா, கதவைச் சாத்து, லைட்டை அணை. அதையேதான் பாப்பாகிட்டயும் சொல்லிட்டிருக்கேன். கதவைச் சாத்துங்கறேன். அது பாவம், என்னையே பாக்குது."

பெரியவருக்குச் சுருக்கென்றது. மனைவி வேலை முடிந்து வருவது கண்முன் நின்றது. பிழைக்க வந்த ஊரில் அவருக்கு வேலை நிலைக்கவில்லை, அவளுக்கு நிலைத்துவிட்டது. பிறத்தியார் வீட்டு அப்பன் ஆத்தாளைக் குளிப்பாட்டி, பீத்துணி மாற்றி, புரட்டிப் படுக்கவைத்துவிட்டு வருவாள். வந்ததும் வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை உள்ளே விட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். பள்ளிக்கூடத்துக் கதையெல்லாம் சுமந்துகொண்டு மகள் எதிரே வந்து நிற்பாள். வெந்நீர் ஆறுகிறவரை நிற்பாள். அப்புறம் போய்விடுவாள். சில வருஷம் கழித்து நிற்பதையும் விட்டுவிட்டாள்.

"அப்ப எங்கதான் பேசினா அவ?" என்று கேட்டிருந்தாள் மகள்.

அதற்குத்தான் அந்தச் சத்தியம்.

"உங்கம்மாவுக்கா பேச்சுக்குப் பஞ்சம்? அவ பேச்சுக்காரிடி. இருக்கறதையெல்லாம் அங்கயே கொட்டிட்டு வந்துருவா. வீட்டுக்கு வரும்போது பானை காலி, அவ்வளவுதான் விஷயம்."

பெரியவர் செருப்பைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

இல்லத்தில் நாற்பது கட்டில். நாற்பதிலும் அந்த ஊர் ஆட்கள். தமிழென்று ஒரு பாஷை உலகத்தில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாது. அதைப் பற்றி இவளுக்கென்ன கவலை? கரண்டியை நீட்டும்போது, 'ஆ காட்டு ராசா' என்பாள். தன் வாயையும் சேர்த்தே திறப்பாள். ஊட்டிவிடுகிறவர்கள் எல்லோருக்கும் உள்ள வியாதி அது. அங்கே ஒரு முன்னாள் நீதிபதி கிடந்தார். எத்தனையோ பேரை உள்ளே தள்ளியவர், ஒரு வாய்க் கஞ்சியை உள்ளே தள்ள மாட்டேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். இவள் 'ஆ' காட்டியதும் திறந்துவிட்டார். ஒருநாள், தன் சொந்தப் பாஷை சுத்தமாக மறந்துபோன அந்த மனுஷன், கரண்டியைத் தள்ளிவிட்டு, 'போதும்மா, வயிறு முட்டிடுச்சு' என்றார். பிள்ளைகள் பதறியடித்து ஓடிவந்தார்கள். டாக்டர் நாக்கை இழுத்துப் பார்த்தார். நாக்கில் ஒரு கோளாறும் இல்லை.

"அவரு ஆரம்பிச்சுவச்சதுதான். அடுத்த மழைக்குள்ள ஹால் முழுக்கத் தமிழ். மூலைக் கட்டில்ல ஒரு கெழவி, உங்கம்மாவுக்கே மாமியாராயிட்டா. 'ஏன்டி இவ்வளவு நேரம்? எங்க ஊர் சுத்திட்டு வர்ற?'ங்கறா. வாசல் நாயைக்கூட அப்புறம் தமிழ்லதான் விரட்ட வேண்டியதாப் போச்சு. வேற எதுல சொன்னாலும் அசையாது."

"அப்பா."

"செருப்பு மேல சத்தியம். அவ தூக்கத்துலகூட 'ஆ'ன்னு வாயைத் திறப்பாளே, நீயே பாத்ததில்ல?"

பார்த்திருந்தாள். வாயைத் திறந்தபடி தூங்கும் அம்மாவின் முகம் மகளுக்கு நினைவிருந்தது. அம்மாவின் கடைசி மாதத்தில் இதே அறையில் பெரியவர் அவளுக்குக் கஞ்சி ஊட்டினார். 'ஆ' என்று தன் வாயைத் திறந்து காட்டினார். அவள் அவருடைய வாயையே பார்த்துக்கொண்டு, தன்னுடையதை மூடியே வைத்திருந்தாள்.

"வேற என்ன சொல்லுவா அவங்ககிட்ட?" மகளின் குரல் இறங்கியிருந்தது.

"எல்லாந்தான். மழை பெய்யுதும்பா. உன் மகன் வர்றான், எழுந்து உக்காரும்பா. எம் பொண்ணும் உன்ன மாதிரிதான், சோத்தைக் கன்னத்துல அதக்கிவச்சுக்கிட்டு ஊரை ஏமாத்துவாம்பா."

"என்னைப் பத்தியா சொன்னா?"

இங்கேதான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் மகளின் முகம் ஜன்னலைத் திறந்த அறைபோல ஆகிவிட்டிருந்தது. அந்த முகத்தை அவர் அதற்குமுன் பார்த்ததில்லை.

"உன்னைப் பத்திப் பேசாத நாள் ஏது? நாற்பது கட்டிலுக்கும் உன் ஜாதகம் அத்துப்படி."

மகள் குழந்தையை முகத்துக்கு நேரே தூக்கி, கூச்சத்தோடு, "ஆ காட்டு ராசாத்தி" என்றாள். குழந்தை வாயைத் திறந்தது. கொட்டாவியாகவும் இருக்கலாம். மகள் அதைக் கொட்டாவியாக எடுத்துக்கொள்ளவில்லை.

"நாளைக்குப் பாப்பாவைத் தூக்கிட்டு அங்க போறேன்ப்பா."

"அங்க எதுக்கு? நீதிபதி போய்ச் சேந்தாச்சு."

"அந்தக் கெழவி?"

"அவளும் போயிட்டா."

"நாற்பது பேர்ல ஒருத்தர்கூடவா மிச்சமில்ல? கூட வேலை செஞ்சவங்க இருப்பாங்கல்ல. அவங்க காதுல விழுந்திருக்கும். எப்படிப் பேசுவான்னு யாராவது பேசிக் காட்டினாப் போதும். மீதியை நான் புடிச்சுக்குவேன்."

"அங்க இப்ப பெயின்ட் அடிக்கிறாங்க," என்றார் பெரியவர். நாற்பது கட்டிலை ஒரே மூச்சில் தமிழ் பேசவைத்த வாய்க்கு அதற்குமேல் ஒன்றும் வரவில்லை.

"அடிக்கட்டும்."

அவள் எழுந்து பால்புட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். மாற்றுத்துணிகளை மடித்துப் பையில் வைத்தாள். பிறகு, எதையோ தேடுகிறவள்போல வந்து, அப்பாவின் பக்கத்தில் கிடந்த செருப்புக்குள் காலை நுழைத்துப் பார்த்தாள். அளவெடுத்துச் செய்ததுபோலப் பொருந்தியது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, தேய்ந்த குதிகாலில் லேசாகச் சாய்ந்து சாய்ந்து அறைக்குள் நடந்தாள். மழை பெய்யுதும்மா, என்றாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. எழுந்து உக்காருடி, உங்க தாத்தா பாரு எப்படி முழிக்கிறாரு, என்றாள். குழந்தை தோளுக்கு மேலாக எட்டிப்பார்த்துப் பெரியவரைக் கண்டுபிடித்தது.

போன வாரம் அதே செருப்பை எடுத்துக் கையில் கொடுத்தபோது, இல்லத்தின் பொறுப்பாளர் அம்மாள் பெரியவருடைய கையைப் பிடித்துக்கொண்டு, பிறவி ஊமையான ஒருத்தியோடு இத்தனை வருஷம் எப்படிக் குடித்தனம் நடத்தினீர்கள் என்று மனம் உருகிக் கேட்டிருந்தாள்.