ஸ்தோத்திரத்துக்கு வைத்த தார்

டார்லின் சனிக்கிழமை சாயங்காலமே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் ஆராதனையில் போதகர் ஐயர் ஸ்தோத்திர காணிக்கைகளை வாசிக்கும்வரை வாயை மூடிக்கொண்டு பெண்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

“மகள் ஜெசிக்குப் பல் மருத்துவப் படிப்பில் இடம் அருளியதற்காக, அப்பாத்துரை, சாலோமி குடும்பத்தார், ஒரு வாழைத்தார்.”

அம்மா சேலைத் தலைப்பை முகத்துக்கு இழுத்துக்கொண்டு அழுதாள். பீடி சுற்றிக் கறுத்த விரல்களால் ஜெசியின் கையைப் பிடித்திருந்தாள்.

இடம் கிடைக்கவில்லை. கிடைக்கும் என்று கணக்குப் போட்டவள் அக்கா டார்லின். அந்த வீட்டில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவள். அவள் சொன்னால் அப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. நீட் மதிப்பெண் வந்த அன்று, அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான ஒதுக்கீட்டில் போன வருஷம் பல் மருத்துவத்துக்குக் கடைசியாக உள்ளே போன மார்க்கை செல்போனில் பார்த்தாள். தங்கச்சியின் மார்க் அதற்கு வெகு மேலே இருந்தது. “எழுதி வச்சுக்கோங்கப்பா, சீட்டு நமக்குத்தான்” என்றாள்.

ஜெசி படித்தது பாளையங்கோட்டையில், மிஷன் காலத்துப் பெண்கள் பள்ளியில். புத்தகம் அரசாங்கம் கொடுத்தது. சைக்கிள் அரசாங்கம் கொடுத்தது. டீச்சர்களுக்குச் சம்பளமும் அரசாங்கம்தான். அப்படியென்றால் அது அரசுப் பள்ளி இல்லாமல் வேறென்ன? சான்றிதழ் கேட்டுச் சனிக்கிழமை போன் போட்டபோதுதான் தலைமையாசிரியை சொன்னார்.

“இது உதவிபெறும் பள்ளிம்மா. அந்த ஒதுக்கீடு நம்ம பிள்ளைகளுக்குக் கிடையாது. ஆறாம் வகுப்புலருந்து கவர்மெண்ட் பள்ளிக்கூடத்துலயே படிச்சிருக்கணும்.”

பொதுப் பிரிவில் அந்த மார்க்கை வைத்துக்கொண்டு வாசலில்கூட நிற்க முடியாது.

எட்டாம் வகுப்புவரை ஊரில், அரசுப் பள்ளியில் இருந்தவளை அங்கே மாற்றியதும் டார்லின்தான். கல்லூரியில் மிஷன் பள்ளிப் பெண்கள் தஸ்ஸு புஸ்ஸென்று இங்கிலீஷ் பேசும்போது, தன் பள்ளியின் பெயரைச் சொல்ல அவளுக்கு வாய் கூசியது. “என்னை மாதிரி இவளும் பேந்தப் பேந்த முழிக்கணுமா?” என்று அப்பாவிடம் சண்டை போட்டாள். அவளுடைய கூச்சத்துக்கு இப்போது ஜெசி விலை கொடுக்கிறாள்.

போனை வைத்துவிட்டு வெளியே வந்தால், அப்பா ஐயரிடம் சொல்லிவிட்டுத் திரும்பி, வெட்டிய தாருக்கு ஈரச்சாக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். பாட்டு வேறு. என்ன சொல்வது?

ஆராதனை முடிந்ததும், காணிக்கையாக வந்த பொருள்களுக்கு வழக்கம்போல வேப்பமரத்தடியில் ஏலம். கோழி போனது, முருங்கைக்காய் போனது. ஏலம் விடும் ஹெப்ரான் அண்ணாச்சி தாரைத் தூக்கி நிறுத்தினார்.

“டாக்டரம்மா வீட்டுத் தார் வே. கோழிக்கூடு வாழை. பல்லில்லாதவனும் திங்கலாம்.”

“பல்லிருக்கவனுக்குத் தரமாட்டீரோ?” என்று பெட்டிக்கடை எபி முதல் விலை கேட்டான்.

இந்தப் பக்கம், சித்தி ஜெசியின் முன்னால் வாயைப் பிளந்துகொண்டு நின்றாள். “இந்தக் கடவாப்பல்லப் பாருட்டி. பிடுங்கணுமா, அடைச்சாப் போதுமா?”

“நான் இன்னும் சேரவே இல்ல சித்தி.”

“சேந்த மாதிரிதான். அதான் ஐயரே வாசிச்சாச்சுல்லா.”

ஜெசி சிரித்தபடி சித்தியின் கன்னத்தில் கைவைத்து, நிஜமாகவே குனிந்து உள்ளே பார்த்தாள். அதைத்தான் டார்லினால் தாங்க முடியவில்லை.

“அண்ணாச்சி, நிறுத்துங்க. சீட்டு கிடைக்கல. கிடைக்கவும் செய்யாது. நான் தப்பாப் பாத்துட்டேன். நேத்தே தெரியும். தெரிஞ்சும் சொல்லல.”

ஜெசியின் கை சித்தியின் கன்னத்திலேயே இருந்தது. சித்திதான் பைய வாயை மூடிக்கொண்டாள்.

ஹெப்ரான் அண்ணாச்சி அப்பாவைப் பார்த்தார். “ஸ்தோத்திரத்துக்கு வச்ச பொருளத் திருப்பித் தரக்கூடாது, பாத்துக்க. என்னலே செய்ய?”

அப்பா தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “நீரு ஏலத்த விடும் வே. நான் கேக்கேன்.”

எபி கேட்டதற்கு மேல் அப்பா கேட்டார். எபி வாயைத் திறக்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. நாலு பேர் ஏசியிருந்தால்கூட டார்லின் தாங்கியிருப்பாள். ஊரே அப்பாவுக்கு இரக்கப்பட்டு விட்டுக்கொடுத்தது.

அவர் தாரைத் தோளில் ஏற்றினார். பிடிக்கப் போன டார்லினிடம், “தள்ளுட்டி” என்றார். அம்மா யாரையும் பார்க்காமல் முன்னால் நடந்தாள்.

வாய்க்கால் பாலத்தில் ஜெசி அக்காவுக்காக நின்றாள்.

“அக்கா, நம்ம ஊருப் பள்ளிக்கூடத்துலயே இருந்திருந்தா கிடைச்சிருக்குமா?”

அங்கே இருந்திருந்தால் இந்த மார்க்கே வந்திருக்காது என்று ஒரு பதிலை டார்லின் நேற்றே தயார் செய்து வைத்திருந்தாள். அது உண்மையா என்று அவளுக்கே தெரியாது.

“கிடைச்சிருக்கும்” என்றாள்.

ஜெசி தலையாட்டினாள். பிறகு வேகமாக நடந்து அப்பாவை எட்டி, தாரின் தொங்கும் நுனியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டாள். அவளை அவர் தள்ளிப்போகச் சொல்லவில்லை.