மங்கலாக்கிய முகத்துக்கு ஒரு கேடயம்

விருதுச் செய்தி வந்த அன்று ஆசிரியர் தன் அறையை விட்டு வெளியே வந்து சிரித்தார். அவருக்குச் சிரிக்க வரும் என்பதே அலுவலகத்தில் பாதிப் பேருக்கு அன்றுதான் தெரியும். நேராக நிருபரின் மேசைக்கு வந்து, அவள் குடித்துக்கொண்டிருந்த காப்பியை ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் கையை ஊன்றினார்.

"அடிச்சுட்டோம்மா! பெண்கள் மேல நடக்குற வன்முறையைப் பொறுப்போட எழுதினதுக்கு முதல் பரிசு. உன் கட்டுரை. அதாவது, நம்ம கட்டுரை."

'நம்ம' என்ற சொல் அந்தக் கட்டுரைக்கு அன்றுதான் ஒட்டிக்கொண்டது. எழுதிக் கொடுத்தபோது, "ஒரே அழுகாச்சியா இருக்கே, யாரு படிப்பா?" என்று கேட்டு, விளம்பரம் வராமல் காலியாகக் கிடந்த மூலையில் அதைப் போட்டவரும் அவரேதான்.

கட்டுரை ஒரு பெண்ணைப் பற்றியது. புருஷன் அவள் கன்னத்தில் சூடான இஸ்திரிப் பெட்டியை வைத்து அழுத்தினான். அவள் தப்பி, வேறு ஊருக்குப் போய், வேறு பெயர் சொல்லி ஒரு பேக்கரியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவன் ஜாமீனில் வெளியே வந்து, பார்க்கிறவர்களிடமெல்லாம் அவளை விசாரித்துக்கொண்டு திரிகிறான். நிருபரிடம் பேச அவள் போட்ட நிபந்தனை ஒன்றுதான்.

"மூஞ்சி மட்டும் வரக் கூடாதுக்கா. மூஞ்சி வந்தா அவன் வந்துடுவான்."

"வராது. நான் பொறுப்பு," என்று நிருபர் அவள் கையைப் பிடித்துச் சொன்னாள்.

படம் எடுக்கப் போனவரை அலுவலகத்தில் பெட்டகம் என்பார்கள். எடுத்த படம் எதையும் அவர் அழித்ததாகச் சரித்திரம் இல்லை. எந்தக் காலத்திலோ ஒரு மந்திரி விட்ட கொட்டாவிகூட அவரிடம் பத்திரமாக இருந்தது. அன்றைக்கு அந்தப் பெண் கேமராவை வாங்கித் தன் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் தங்கியிருந்த அறையில் கண்ணாடி கிடையாது. அவளே மாட்டவில்லை. பார்த்து முடித்து, "அழிச்சுடுங்கண்ணே, மங்கலாக்கினது மட்டும் போதும்," என்றாள். அவர் ஏதோ வேலை பார்த்து, மங்கலாக்கியதை அவளிடம் காட்டி, "மத்தது அழிச்சாச்சும்மா" என்றார். நிருபரும் நம்பினாள்.

விழா ஒரு பெரிய ஓட்டல் அரங்கில். குளிர்சாதனம் பல்லைக் கிட்ட வைத்தது. நிருபரின் அம்மா முதல் ஆளாக வந்து முன்வரிசையில் இடம் பிடித்து, செல்போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"முடியக் கொஞ்சம் ஒதுக்கி விடுடி. பேய் மாதிரி இருக்கு, எல்லாரும் பாப்பாங்க."

"யாரும்மா பாப்பாங்க? உன் செல்போன்ல இருக்குற சொந்தக்காரங்கதானே?"

"அவங்க பாத்தா போதாதா?"

நடுவர் குழுத் தலைவி மைக்கின் முன் வந்தார். கண்ணியம் என்ற சொல்லை வைத்தே பாதிப் பேச்சை ஓட்டினார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "இந்தப் பத்திரிகை அந்தச் சகோதரியின் முகத்தை எவ்வளவு கவனமாக மறைத்திருக்கிறது என்பதை நான் சொல்வதைவிட நீங்களே பாருங்கள்," என்று திரையைக் காட்டினார்.

திரையில் இரண்டு படங்கள். வலது பக்கம் 'பின்' என்று போட்டு, மங்கிய முகம். இடது பக்கம் 'முன்' என்று போட்டு, அவள். சுவர் அகலத்துக்கு அவள். கன்னத்தில் இஸ்திரிப் பெட்டியின் முனை, கண்ணில் கேமராவை நம்பிய பார்வை, எல்லாம் துல்லியமாக.

அரங்கம் கைதட்டியது. நிருபருக்குப் பின்னால் யாரோ பக்கத்திலிருந்தவரிடம், "சூப்பரா மறைச்சிருக்காங்க சார், அடையாளமே தெரியல," என்றார். இடது பக்கத்தைப் பார்த்து வலது பக்கத்தைப் பார்த்து ஒப்பிட்டுத்தான் சொன்னார்.

நிருபர் எழுந்து ஓடினாள். லேப்டாப்பில் உட்கார்ந்திருந்தவரிடம், "எடுங்க, அந்தப் படத்த உடனே எடுங்க!" என்றாள்.

"தலைவியம்மா சொல்லாம எடுக்க முடியாது மேடம்."

அவள் ஒயரைப் பிடித்து இழுத்தாள். திரை இருண்டது. "நம் நிருபர் உணர்ச்சிவசப்பட்டுவிட்டார்!" என்று தொகுப்பாளர் அறிவிக்க, அதற்கும் ஒரு கைதட்டல் கிடைத்தது. அந்தச் சத்தத்தோடு சத்தமாகக் கேடயத்தை அவள் கையில் திணித்துவிட்டார்கள்.

மேடைக்குப் பக்கத்திலேயே ஆசிரியரைப் பிடித்தாள்.

"சார், அந்தப் படம் எப்படி இங்க வந்துச்சு?"

"நான்தான் அனுப்பினேன். மறைச்சதுக்கு ஆதாரம் கேட்டாங்க. ஒரிஜினல் இல்லாம, மறைச்சோம்னு எப்படிம்மா நிரூபிக்கிறது?"

"நல்லவேளை நான் அழிக்கல," என்றார் பெட்டகம், கோட்டைச் சரிசெய்தபடி.

"அழிச்சாச்சுன்னு அவகிட்ட சொன்னீங்களே!"

"அந்தப் பொண்ணு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு சொன்னேன்ம்மா. அதுவும் ஒரு பொறுப்புதானே?"

அம்மா முகமெல்லாம் மலர்ந்து வந்தாள். "கை அசையாம எடுத்திருக்கேன்டி. சித்தி, பெரியப்பா, உன் நாத்தனார், எல்லாருக்கும் போயாச்சு. பாவம்டி அந்தப் பொண்ணு. எந்த ஊராம்?"

"அழிம்மா. அனுப்பினதையும் அழி."

"உங்க பத்திரிகையே டிவில நேரலையாப் போட்டுக்கிட்டு இருக்கு. நான் போட்டா மட்டும் கசக்குதாக்கும்?"

நிருபர் கேடயத்தோடு வெளியேறினாள். அரங்குக்கு வெளியே, கார்கள் நிறுத்துமிடத்தில் நின்று போன் போட்டாள். முதல் மணியிலேயே எடுத்தாள் அந்தப் பெண்.

"பாத்துட்டேன்க்கா. பேக்கரில எப்பவும் டிவி ஓடும். மொதலாளியம்மா, 'உன்ன மாதிரியே இருக்காடி'ன்னாங்க. 'என்ன மாதிரியெல்லாம் இல்ல, நானேதான்'னு சொல்லிட்டேன். இனிமே மறைச்சு என்ன?"

"அவன்…"

"அவன் தம்பி என் பழைய நம்பருக்கு மெசேஜ் அனுப்பிட்டான். பொம்மை சிரிக்கிற படம் ஒண்ணு. வேற ஒண்ணும் எழுதல."

"நீ அங்கயே இரு. நான் வண்டி எடுத்துக்கிட்டு வரேன்."

"வேணாம்க்கா. ஆமா, கேடயத்துல என்ன எழுதியிருக்கு?"

நிருபர் அதைத் திருப்பிப் பார்த்தாள். படிக்காமல் இருந்திருக்கலாம். வாய் படித்துவிட்டது. "பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை இறுதிவரை காத்தமைக்காக."

மறுமுனையில் பையின் ஜிப் இழுபடும் சத்தம் கேட்டது.

"இறுதின்னா எதுக்கா? இன்னைக்கு மத்தியானமா?"

"எங்க போற? அதையாவது சொல்லு. நான் யாருக்கும்…"

"உங்ககிட்ட சொல்றதா இல்லக்கா. கோவிச்சுக்காதீங்க. நீங்க நல்லவங்கதான். அழுவாதீங்க, அங்க யாராச்சும் போட்டோ எடுத்துடுவாங்க," என்று சொல்லிவிட்டு வைத்தாள். அதற்குப் பிறகு அந்த எண் உயிரோடு இல்லை.

மறுநாள் பத்திரிகையின் முதல் பக்கத்தில் விழாப் படம் வந்தது. பின்னாலிருந்த திரையை மட்டும் மங்கலாக்கியிருந்தார்கள். ஆசிரியர் அதை நிருபரின் மேசையில் விரித்துப் போட்டார்.

"எவ்வளவு பொறுப்பாப் பண்ணியிருக்கோம் பாரு. சரி, சூட்டோட சூடா ஒரு ஃபாலோ-அப் போட்டுடலாம். அந்தப் பொண்ணு இப்போ எங்க இருக்கா?"

"தெரியாது சார்."

"என்கிட்டயே மறைக்கிறியா?" என்று செல்லமாகக் கோபித்துக்கொண்டார் ஆசிரியர். "அடுத்த வருஷத்துக்கும் விருது உனக்குத்தான் போல."

பத்திரிகை தன் காப்பிக் கோப்பையின் மேல்தான் விரிந்து கிடக்கிறது என்பதை நிருபர் அப்போதுதான் கவனித்தாள். முதல் பக்கம் நனைய ஆரம்பித்திருந்தது. அவள் அதை எடுக்கவில்லை.