முப்பத்திரண்டு வரிகள் மாற்றப்பட்டன

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தவள் என் மைத்துனி. ஆஸ்பத்திரி ஒன்றின் கணினிப் பிரிவில் வேலை. "என் ஃப்ரெண்டுக்கு நடந்தது அத்தான்" என்று ஆரம்பித்தாள். அப்போதே எனக்குச் சந்தேகம். தோழிக்கு நடந்ததைச் சொல்லும்போது யாருக்கும் இப்படி வியர்ப்பதில்லை.

2

முதல் தொடக்கம்: 'மழை பெய்துகொண்டிருந்த காலையில், கணினி அறையின்...' வேண்டாம். மழையைக் கூப்பிட்டால் இலக்கியம் வந்து உட்கார்ந்துகொள்ளும்.

இரண்டாவது: ஏழாம் வார்டு நோயாளி ஒருவருக்கு 'பென்சிலின் ஆகாது' என்று தவறாகப் பதிவாகியிருந்தது. தோழி (சரி, தோழி என்றே வைத்துக்கொள்வோம்) திரையில் அந்த ஒரு கட்டத்தை மட்டும் 'ஒவ்வாமை இல்லை' என்று திருத்தினாள். அதற்கான கட்டளையை, தரவுத்தளத்துக்குப் புரியும் எஸ்க்யூஎல் மொழியில், தரவுத்தளக் கருவியே எழுதிக்கொள்ளும். எழுதியது. ஆனால் அந்த அட்டவணையில் நோயாளியைத் தனியாக அடையாளம் காட்டும் எண் இல்லை. கருவி கைக்குக் கிடைத்த வார்டு எண்ணைப் பிடித்துக்கொண்டது: ஏழாம் வார்டில் எவருக்கும் ஒவ்வாமை இல்லை. 'முப்பத்திரண்டு வரிகள் மாற்றப்பட்டன' என்று திரை பணிவோடு அறிவித்தது; ஒரு வரி என்றால் ஒரு நோயாளி. அவள் 'சரி'யை அழுத்தினாள். (நீங்கள் படித்துவிட்டா அழுத்துகிறீர்கள்?)

பத்து நிமிடம் கழித்துத்தான் உறைத்தது. ஓடிப்போய், பென்சிலின் ஊசியோடு நின்ற நர்ஸின் கையைப் பிடித்தாள். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

3

மேலாளர். இவரை நல்லவராக எழுதிப் பார்த்தேன், வரவில்லை.

"கருவி தப்பு பண்ணாதும்மா. நாலு கமிட்டி உட்கார்ந்து தேர்ந்தெடுத்தது. ரிப்பன் வெட்டினது யாரு? நான்!"

"சார், அது எழுதின கட்டளையக் கொஞ்சம் படிச்சுப் பாருங்க."

"படிக்கிற ஆளா இருந்தா நான் ஏன் மேலாளர் ஆகறேன்?"

(இதை அவர் சொல்லவில்லை. நான் சொல்ல வைத்தேன். அடித்துவிடவும்.)

அவர் நிஜமாகவே சொன்னது இது: "நாலு மணிக்குள்ள யார் தப்புன்னு எழுதிக் கொடு. உன் தப்புன்னா நாளையிலேர்ந்து வராதே."

4

மைத்துனி காகிதத்தை என் பக்கம் தள்ளினாள். "நீங்கதான் எழுத்தாளராச்சே, கருவி தப்புன்னு நல்லா எழுதிக் குடுங்க."

"எழுதறேன். அந்த அட்டவணையை அடையாள எண் இல்லாம உருவாக்கினது யாரு?"

"அக்கா கூப்பிடறா அத்தான். என்னன்னு கேளுங்க."

யாரும் கூப்பிடவில்லை.

"மத்த வார்டுக்கும் அதே அட்டவணையா?"

"...ஆமா."

5

முடிவு அ: கருவி மேல் பழி. அவள் வேலை தப்பும். அட்டவணையை யாரும் தொடமாட்டார்கள்.

முடிவு ஆ: உண்மை. அட்டவணை சரியாகும். அவள்...

இந்த வாக்கியத்தை முடிக்க என்னால் ஆகவில்லை. என் மனைவியின் தங்கை. உங்களுக்கு அவள் யாரோ. பேனாவைப் பிடியுங்கள். மூன்றரை ஆகிறது, எட்டாம் வார்டில் யாரோ ஒருவருக்கு ஒரு சின்னத் திருத்தம் வந்திருக்கிறதாம்.