கிணறுகளை வைத்து வரைந்த படம்

காலையில் எழுகிறேன். பல் துலக்குகிறேன். காபி போடுகிறேன். அடுப்படி மேடையோரம் நின்றபடியே ரொட்டி தின்கிறேன். சாப்பாட்டு மேசையில் என் மனைவி வரைந்த வரைபடம் விரிந்து கிடக்கிறது. சாலை விபத்தில் அவள் இறந்த பிறகும் அதை நான் நகர்த்தவில்லை.

"பஸ்ஸுக்கு நிக்கிறவன் மாதிரி இன்னும் நின்னுக்கிட்டேதான் சாப்பிடுறீங்களா மாப்ள?" என்றபடி அவளுடைய அண்ணன் உள்ளே வந்தார். கூடவே நூலகர். படத்தை நூலகச் சுவரில் மாட்ட எடுத்துப்போக வந்திருந்தார்கள்.

எங்கள் புறநகர்ப் பகுதி கிராமமாக இருந்த காலத்து வரைபடங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, அவள் ஒரே தாளில் வரைந்தது அது. வயல் வரப்புகள், செங்கல் சூளை, வண்டித்தடம். மேலே மெல்லிய சாம்பல் கோட்டில் இன்றைய தெருக்கள்.

நூலகர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். "என்னமா வரைஞ்சிருக்காங்க! என் வீட்டு ஹால் மாட்டுக்கொட்டகையா இருந்திருக்கு. எம் பொண்டாட்டி அப்பவே சொன்னா."

பிறகு அவர் விரல் ஒரு நீலக் கோட்டில் நின்றது. "ஓடை நம்ம நூலகத்துக்குள்ளயே ஓடுதே சார். பாக்கிறவங்க சிரிப்பாங்க. இத மட்டும் சுரண்டி எடுத்துடலாமா?"

"ஒரு கோடுதானே மாப்ள" என்றார் மச்சான்.

"கூடாது."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். நான் சத்தமாகப் பேசி நாளாகியிருந்தது.

"பழைய படத்த எல்லாரும் சாலைய வச்சுப் பொருத்துவாங்க. சாலைய அகலமாக்குவாங்க, திருப்புவாங்க. அவ கிணத்த வச்சுப் பொருத்தினா. கிணறு நகராது. ஒவ்வொண்ணா தேடிப் போய்ப் பாத்தா. சைக்கிள் கடைக்குப் பின்னால ஒண்ணு, மூடி போட்டு அதுமேல டயர் அடுக்கியிருக்கான். அவ தப்பா வரையல."

நூலகர் குனிந்து படத்தைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம வடக்குச் சுவர் வழியா போகுது" என்றார் மெல்ல. "அந்தச் சுவர்ல மட்டும் பெயிண்ட் நிக்கிறதே இல்ல. எப்பவும் ஈரம். வருஷா வருஷம் பெயிண்டரத்தான் திட்டுறேன்."

"பாவம், அவனுக்கு ஒரு டீயாவது வாங்கிக் குடுங்க" என்றார் மச்சான்.

நூலகர் சிரிக்கவில்லை. தாளில் படாமல், கோட்டின் மேலாகவே விரலைக் கொண்டுபோனார். "இது அப்படியே இருக்கட்டும் சார்."

மச்சான் சுருட்டுவதற்குக் கை நீட்டினார். "இருங்க" என்றேன். ஓடையின் மேல் விரலை அழுத்தி எடுத்தேன். விரலில் எதுவும் ஒட்டவில்லை. நானே சுருட்டிக் கொடுத்தேன்.

விபத்து நடந்த அன்று காலை வேலைக்குக் கிளம்பும்போது, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே அவள் சொன்னது:

"மேசையத் துடைக்கிறேன்னு அதத் தொட்டுடாத. ஓடையில மை இன்னும் காயல."